கொழும்பில் லேசர் டேக்: பார்ட்டிக்கு முன் இடத்தைப் போய்ப் பார்த்தோம், உங்கள் அபிப்பிராயம் என்ன?

மாலைக்கடல் (இழையைத் தொடங்கியவர்)

மகளுக்கு அடுத்த மாதம் பன்னிரண்டு வயது. பலூன், மந்திரவாதி எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்காம். வகுப்பில் யாரோ லேசர் டேக் (இருட்டு மண்டபத்துக்குள் ஒளித் துவக்கால் ஒருவரையொருவர் சுடும் விளையாட்டு) பார்ட்டி வைத்தார்களாம், தனக்கும் அதுதான் வேண்டுமாம். முற்பணம் கட்டுவதற்கு முன் இடத்தைப் பார்த்துவிடலாம் என்று போன சனிக்கிழமை தம்பியையும் அக்காவின் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். இடத்தின் பெயரையும் தெருவையும் போடப் போவதில்லை. உள்பெட்டியிலும் கேட்காதீர்கள்.

உள்ளே போனதும் பிள்ளைகளுக்குக் கண் கொள்ளவில்லை. பழைய களஞ்சியம் ஒன்றை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். கறுப்புச் சுவர், ஊதா லாம்பு, ஒளிரும் பெயின்ட், நடுவில் சாய்தளம், அதில் ஏறினால் மேல்தட்டு. ஏசி நன்றாக வேலை செய்கிறது. ஒரு ஆட்டம் 15 நிமிடம். அது போதும், வெளியே வரும்போது எல்லாருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது.

இனிக் குறைகள். ஆட்டத்துக்கு மாட்டிவிடும் வெஸ்ட்களில், ஏழாம் இலக்கத்தின் வலது தோளில் இருக்கும் லாம்பு எரியவில்லை, அங்கே சுட்டால் பதியாது. அதை முதலில் கண்டுபிடித்தது அக்காவின் சின்ன மகன். சுவரோரமாக வலது தோளை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு நின்று எல்லாரையும் சுட்டுத் தள்ளினான். அடுத்த ஆட்டத்தில் ஏழாம் இலக்கத்துக்கு அடிபிடி. எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது, ஆனால் காசு கொடுத்து வரும் இருபது பிள்ளைகளுக்கு நடுவில் இது நடந்தால் அழுகையில்தான் முடியும்.

வெஸ்ட்களில் வியர்வை நாற்றம். ஆட்டத்துக்கு ஆட்டம் துடைக்கிறார்கள், அதே துணியால். மேல்தட்டில் பலகை விளிம்பை மூடி ஒட்டியிருந்த கறுப்பு டேப் ஓரிடத்தில் உரிந்து ஆணித் தலை தெரிந்தது. அவசர வாசல் இரண்டு. ஒன்றுக்கு மேலே பச்சை லாம்பு எரிந்தது. மற்றதற்கு முன்னால் பார்ட்டி அறைக் கதிரைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு "அன்றைக்கு எடுத்துவிடுவோம் மிஸ்" என்றார்கள்.

விளக்கம் சொன்ன பொடியன் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கடகடவென்று சொல்லி முடித்துவிட்டான். மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த பிள்ளைகளுக்குப் பாதி விளங்கவில்லை. தமிழில் சொல்ல யாரும் இல்லையா என்று கேட்டேன். ஜூஸ் கவுண்டரில் நின்ற ஹட்டன் பிள்ளை ஒன்று கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவனைவிட வடிவாகச் சொல்லித் தந்தது. அந்தப் பிள்ளையைத்தான் அந்த வேலைக்கு வைக்க வேண்டும்.

இதெல்லாம் எல்லா இடத்திலும் இருப்பதுதானா, அல்லது வேறு இடம் தேட வேண்டுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ரிமோட்காரன்

அக்கா, சுடுவது லேசரே இல்லை. பெரும்பாலான இடங்களில் வேலை செய்வது அகச்சிவப்புக் கதிர், உங்கள் வீட்டு ரீவி ரிமோட்டில் இருக்கும் அதே சங்கதி. சிவப்பாகத் தெரியும் கோடு கண்ணுக்காகப் போட்டது. துவக்கின் முனையில் இருக்கும் எல்.ஈ.டி. ஒரு வில்லை வழியாகத் துடிப்புகளை அனுப்பும். யார் சுட்டார், எந்த அணி என்ற விவரம் அந்தத் துடிப்புகளிலேயே இருக்கும். வெஸ்டில் இருக்கும் சென்சர் அதைப் படித்து, உங்களைச் சில விநாடிகளுக்கு முடக்கிவிடும்.

ஆகவே "நான் சுட்டேன், படவில்லை" என்று பிள்ளைகள் சண்டை பிடித்தால் காரணம் அநேகமாக மூன்றில் ஒன்று: பற்றரி இறங்கியிருக்கும், வில்லையில் அழுக்கு இருக்கும், அல்லது சென்சர் செத்திருக்கும். ஏழாம் இலக்கம் மூன்றாவது வகை. கொழும்பு ஈரப்பதத்துக்கும் வியர்வை உப்புக்கும் வயர் முனைகள் துருப்பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். வாங்கும்போது எவ்வளவு நல்ல சாமானாக இருந்தாலும் சரி, மாதாமாதம் கழற்றித் துடைக்க ஆள் இல்லை என்றால் இந்தக் கதிதான். நான் ஒரு இடத்தை எடைபோடுவது இதை வைத்து மட்டும்தான். லாம்பும் பெயின்டும் யாரும் போடலாம்.

சோதிக்க வழி இருக்கிறது. போனின் முன்பக்கக் கமராவைத் திறந்து வைத்துக்கொண்டு அதை நோக்கித் துவக்கை அழுத்திப் பாருங்கள். பல போன்களில் வெளிர் ஊதாவாக ஒரு புள்ளி மின்னும். வீட்டு ரிமோட்டை வைத்து முதலில் உங்கள் போனைச் சோதித்துக்கொள்ளுங்கள், சில கமராக்கள் வடிகட்டிவிடும். அப்புறம் ஆட்டம் தொடங்குமுன் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிற்க வைத்து, ஒரு ஊழியர் ஆளுக்கு நாலு இடத்தில் சுட்டுக் காட்டட்டும். ஐந்து நிமிட வேலை. மாட்டோம் என்றால் காரணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த விளையாட்டு 1984இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் ஃபோட்டான் என்ற பெயரில் தொடங்கியபோது தலையில் ஹெல்மெட், நெஞ்சில் ஒரு பெட்டி, இடுப்பில் பற்றரி என்று ஒரு மூட்டையையே சுமந்தார்கள். இப்போது பாரம் குறைந்துவிட்டது. ஆனாலும் பழைய செட்டைக் குறைந்த விலைக்கு வாங்கி ஓட்டுகிறவர்களும் உண்டு. மகளுக்கு ஒரு வெஸ்டை மாட்டி ஐந்து நிமிடம் நடக்க விட்டுப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்

ரிமோட் அண்ணா சொல்வது சரி, ஆனால் சாமான் மட்டும் நன்றாக இருந்து பிரயோசனம் இல்லை. நாங்கள் கம்பஸ் பச்சாக, அதாவது ஒரே வருடத்து ஆட்களாக, அடிக்கடி போகிறவர்கள். ஆட்டம் நன்றாக இருக்குமா இல்லையா என்பது ஆட்டத்தைக் கண்காணிக்கும் மார்ஷல் உள்ளே நிற்கிறாரா என்பதில்தான் இருக்கிறது. பல இடங்களில் ஆட்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, மார்ஷல் வெளியே போன் நோண்டிக்கொண்டு இருப்பார்.

ஓடக்கூடாது என்று போர்டு போட்டிருக்கும். எல்லாரும் ஓடுவார்கள். எங்கள் பச்சில் ஒருத்தன் மூலை திரும்பும்போது எதிரே வந்தவனின் துவக்கில் நெற்றி அடிபட்டுத் தையல் போட வேண்டி வந்தது. இருட்டு, புகை, இரண்டு பக்கமும் வேகம். மார்ஷல் உள்ளே நின்று இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கண்டித்தால் மிச்சப் பேர் தானாக அடங்குவார்கள்.

மற்றது அக்கா, மேல்தட்டு இருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். சாய்தளத்தின் உச்சியில் ரெண்டு கெட்டிக்காரர்கள் குந்தினால் கீழே நிற்கிறவர்களுக்கு 15 நிமிடமும் வெஸ்ட் வெளிச்சம் அணைந்து அணைந்து எரிவது மட்டும்தான். பிள்ளைகளுக்கு அணி பிரிக்காமல் தனித்தனி ஆட்டம் கேளுங்கள், அல்லது பாதி நேரத்தில் பக்கம் மாற்றச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேரை விடுகிறார்கள் என்றும் பாருங்கள். பார்ட்டி நாளில் இருபது பேரையும் ஒரேயடியாகத் தள்ளிவிடுவார்கள், உள்ளே சனம் நெரியும் 138ஆம் இலக்க பஸ் போல இருக்கும்.

வெள்ளை உடுப்பு வேண்டாம். சலவைத் தூளில் இருக்கும் பளபளப்புச் சாமான் ஊதா லாம்பில் மின்னும். தூரத்தில் நின்றே குறி வைப்பார்கள்.

அலைபாயும்ஆட்டோ

திறந்தவெளியில் நடத்துகிறவர்களும் இருக்கிறார்களே, வெஸ்டைக் கொண்டுவந்து நம் இடத்திலேயே நடத்துவார்கள். அது மலிவில்லையா?

ரிமோட்காரன்

வெயில்தான் பிரச்சினை. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு நிறைய இருக்கிறது, சென்சர் திணறும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு, மர நிழலில் என்றால் பரவாயில்லை. மழை வந்தால் முற்பணம் என்னாகும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பூவரசம்வேலி

வயதான ஆளின் புலம்பல் என்று நினைத்தாலும் பரவாயில்லை, ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் வீட்டில் விளையாட்டுத் துவக்குக்கு இடமே இருக்கவில்லை. ஊரில் என் மூத்தவன் பூவரசந்தடியைத் துவக்குப் போலப் பிடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் ஓடினான். தாய் பின்னாலேயே ஓடிப் போய்ப் பறித்து அடுப்புக்குள் வைத்தாள். தூரத்தில் நிற்கிறவனுக்கு அது தடியா வேறொன்றா என்று தெரியாது என்பதுதான் அவளுடைய பயம். அப்படிப்பட்ட காலம்.

போன வருடம் பேத்தியின் சிநேகிதி வீட்டுப் பார்ட்டி என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வெளியே கதிரையில் இருந்தேன். உள்ளே இருட்டு, புகை, ஸ்பீக்கரில் வெடிச்சத்தம், பிள்ளைகள் "செத்திட்டாய், செத்திட்டாய்" என்று கத்துகிறார்கள். எழும்பிப் போய் ரோட்டில் நின்றேன். பிள்ளைகளில் பிழை இல்லை, அவர்கள் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள். கூப்பிடுகிறவர்கள் வீட்டில் யார் யார் வருவார்கள் என்று ஒரு தரம் யோசித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்

ஐயா, கோபிக்க வேண்டாம். இது கேம் தானே? போனில் விளையாடும் பப்ஜியைவிட இது எவ்வளவோ நல்லது, பிள்ளைகள் வியர்க்க ஓடித் திரிகிறார்கள். இப்படிப் பார்த்தால் தீபாவளிக்கு வெடியும் கொளுத்த ஏலாது.

நெற்கதிர்

தம்பி, "கேம் தானே" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். 2009இல் எனக்குப் பதினொரு வயது, வன்னியில் இருந்தோம். அதற்கு மேல் இங்கே எழுத விருப்பமில்லை. தீபாவளி வெடிக்கும் இன்றுவரை நான் வீட்டுக்குள்தான்.

என் ஆபீஸில் டீம் அவுட்டிங் என்று லேசர் டேக் வைத்தார்கள். நான் வெளியே இருந்து ஸ்கோர் பார்க்கிறேன் என்றேன். டீம் லீடர் நல்ல மனிதர்தான், ஆனால் "ஏன் வரவில்லை, வாருங்களேன், நல்ல பகிடியாக இருக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எல்லாருக்கும் முன்னால் என்ன காரணத்தைச் சொல்வது? காலில் நோ என்று சொல்லித் தப்பினேன். அதே ஆபீஸில் என்னைப் போலவே முகாமில் இருந்துவிட்டு வந்த இன்னொரு பிள்ளை உள்ளே போய் முதலாவதாக வந்தாள். சிரித்துச் சிரித்து வந்தாள். அதனால் இவர்களுக்கு ஆகும், இவர்களுக்கு ஆகாது என்று கோடு போட ஏலாது.

மாலைக்கடல் அக்கா, என் ஆலோசனை இதுதான். வராமல் இருப்பதை லேசாக்கிவிடுங்கள். அழைப்பிலேயே "லேசர் டேக்கும் இருக்கிறது, விளையாட விரும்பாதவர்களுக்கு வீடியோ கேம் ஆர்கேட்டும் இருக்கிறது" என்று எழுதிவிட்டால் யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. வெடிச்சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாட்டுப் போடச் சொல்லியும் கேட்கலாம். அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் இருந்து வருவதுதானே.

பூவரசம்வேலி

பிள்ளை, நன்றி. தம்பி, எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

கொட்டாஞ்சேனைப் பொடியன்

சரி அக்கா. பச்சில் அடுத்த முறை ஆட்களைக் கூப்பிடும்போது வற்புறுத்தாமல் விடுகிறேன். நாங்களும் அப்படித்தான் ஆளைப் பிடித்து இழுப்போம்.

மாத்திரைச்சீட்டு

வார்டில் வேலை செய்கிறவள் என்ற முறையில் இரண்டு விஷயம். அந்தப் புகை நெருப்புப் புகை இல்லை, தண்ணீரில் கிளைக்கோல் அல்லது கிளிசரின் கலந்து சூடாக்குவது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. ஆஸ்துமா இருக்கும் பிள்ளைக்கு மூச்சுக்குழாயைக் கிண்டிவிடலாம், அதுவும் ஓடி இளைத்து வாயால் மூச்சு வாங்கும்போது. கொழும்பில் ஒரு வகுப்பில் இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளை ஒன்றாவது இருக்கும். பெற்றோரிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள். இன்ஹேலர் பையில் இருந்தால் போதாது, வெளியே நிற்கும் பெரிய ஆளின் கையில் இருக்க வேண்டும். பார்ட்டிக்குப் புகையை நிறுத்தி வைக்கச் சொன்னால் நல்ல இடங்கள் செய்வார்கள். சிவப்புக் கோடு அவ்வளவு தெரியாது, அவ்வளவுதான்.

அடுத்தது மின்னி மின்னி எரியும் ஸ்ட்ரோப் லாம்பு. வலிப்பு உள்ள சிலருக்கு, விநாடிக்கு மூன்றிலிருந்து முப்பது தடவை வரை மின்னும் வெளிச்சம் வலிப்பைத் தூண்டிவிடும். ஸ்ட்ரோப் இருக்கிறதா, அணைக்கலாமா என்று கேளுங்கள்.

அக்கா சொன்ன வெஸ்ட் நாற்றம் அருவருப்புத்தான், ஆனால் ஆபத்து அதில் இல்லை. எனக்குப் பயம் அந்தக் கதிரைகள்தான். ஏதாவது நடந்தால் 1990க்கு அடிக்கலாம், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், ஆனால் பிள்ளைகள் வெளியே வர வாசல் வேண்டுமே.

குரங்குசேட்டை

கரண்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே! 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்து முழு நாடும் இருண்டது ஞாயிற்றுக்கிழமை முற்பகலில். பார்ட்டி நேரம். ஜன்னல் இல்லாத கறுப்பு மண்டபம், மேல்தட்டில் பத்துப் பிள்ளைகள், கரண்ட் போனால் என்ன நடக்கும்? ஜெனரேட்டர் இருக்கிறது என்பார்கள். அது பிடிக்க எத்தனை விநாடி, அந்த இடைவெளியில் பற்றரியில் எரியும் அவசர லாம்பு சாய்தளத்தின் அருகில் இருக்கிறதா? 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த சனம் நாங்கள், இதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை.

கணக்குப்பிள்ளை

விலையை யாரும் தொடவில்லை. முகநூலில் போடும் தலைக்கு இத்தனை ரூபா என்பது அநேகமாக வரி சேர்க்காத விலை. வற் (பெறுமதி சேர் வரி) 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம். சாப்பாடும் அங்கேயே என்றால் சேவைக் கட்டணமும் வரும். முழு விலையை எழுத்தில் வாங்குங்கள்.

குறைந்தது இத்தனை பேர் என்று ஒரு எண் வைத்திருப்பார்கள். பதினைந்துக்குச் சொல்லிவிட்டுப் பதினொரு பேர் வந்தால் பதினைந்துக்கும் கட்ட வேண்டும். போயா, நீண்ட வார இறுதி, பாடசாலை விடுமுறை என்றால் விலை வேறு. வெளியிலிருந்து கேக் கொண்டுவந்தால் வெட்டுவதற்கும் காசு கேட்ட இடம் ஒன்று எனக்குத் தெரியும், கத்தி அவர்களுடையதாம். சொன்ன விலை ஒன்று, பில் வேறொன்று என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள்.

கறுப்புக்கோட்டு

கவுண்டரில் ஒரு படிவம் நீட்டுவார்கள், பொதுவாக ஆங்கிலத்தில் மட்டும். என்ன நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று இருக்கும். வாசிக்காமல் கையொப்பம் வைத்துவிட்டு, பிறகு பிள்ளைக்கு அடிபட்டால் "நாங்கள்தானே கையெழுத்துப் போட்டோம்" என்று பேசாமல் வீட்டுக்குப் போகிறவர்கள் அதிகம். நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றி 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அலட்சியத்தால் வரும் உடற்காயத்துக்கான பொறுப்பை ஒரு வரியை எழுதி வைத்துத் தட்டிக்கழிக்க முடியாது. உரிந்த டேப்பும் ஆணியும் மறித்த வாசலும் அலட்சியம் அல்லாமல் வேறென்ன? போனில் படம் எடுத்து, திகதியுடன் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றப் பிள்ளைகளுக்காக நீங்கள் கையொப்பம் வைக்க வேண்டாம். அவரவர் பெற்றோர் வைக்கட்டும்.

அலைபாயும்ஆட்டோ

இவ்வளவையும் வாசித்த பிறகு பிறந்தநாளுக்குக் காலிமுகத்திடலில் பட்டம் விட்டு இஸ்ஸோ வடை சாப்பிட்டுவிட்டு வரலாம் போலிருக்கிறது.

மாலைக்கடல்

அலைபாயும்ஆட்டோ, அதை மகளிடம் சொல்லிப் பாருங்கள்!

எல்லாருக்கும் நன்றி. நேற்று வேலை முடிந்து திரும்ப ஒருதரம் போனேன், இந்த இழையைப் போனில் திறந்து வைத்துக்கொண்டுதான். இந்த முறை மனேஜரையே பிடித்தேன். ஆணிக்கு மேல் புது டேப் ஒட்டியிருந்தார்கள், ஆணி உள்ளேதான் இருக்கிறது, அதைப் பிடுங்கச் சொன்னேன். ஏழாம் இலக்கம் "திருத்தப் போயிருக்கிறது" என்றார்கள். ஆனால் பதினான்காம் இலக்கத்தின் முதுகில் லாம்பு எரியவில்லை, நானே கண்டேன். ரிமோட்காரன் சொன்ன சோதனைக்கு மனேஜர் உடனே சம்மதித்தார். ஆட்டத்துக்கு முன் வெஸ்டைச் சோதிக்க வேண்டும் என்று யாரும் இதுவரை கேட்டதில்லையாம்.

புகை நிறுத்தலாம், ஸ்ட்ரோப் அணைக்கலாம், வெடிச்சத்தத்துக்குப் பதிலாகப் பாட்டு. மூன்றுக்கும் சரி என்றார். மார்ஷல் ஒருவர் முழு நேரமும் உள்ளே, பத்துப் பத்துப் பேராக இரண்டு சுற்று. விளக்கம் தமிழில் ஹட்டன் பிள்ளை சொல்லும், அதற்கு அந்தப் பிள்ளைக்கு ஏதாவது தனியாகக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். சிரித்தார். பதில் வரவில்லை. நான் கொடுப்பேன்.

கரண்ட் போனால் என்ன நடக்கும் என்று கேட்டதற்கு மெயின் சுவிட்சையே அணைத்துக் காட்டினார், அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்தது. கீழே அவசர லாம்பு எரிந்தது. சாய்தளத்தில் எரியவில்லை. அங்கே ஒன்று போடுவதாக எழுதித் தந்திருக்கிறார். கதிரைகள் அதே இடத்தில்தான் இருந்தன. ஆகவே முற்பணத்தில் பாதி மட்டும் கட்டியிருக்கிறேன். பார்ட்டிக்கு முதல்நாள் தம்பி போய்ப் பார்ப்பான். வாசல் திறந்து, சாய்தளத்தில் லாம்பு இருந்தால் மிச்சம், இல்லையென்றால் காசைத் திருப்பித் தருவதாகப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கியாகிவிட்டது.

அழைப்பு நெற்கதிர் சொன்னது போலவே போகிறது. வகுப்பில் ஒரு பிள்ளையின் அம்மா நேற்றிரவே பதில் போட்டார், மகள் ஆர்கேட்டுக்கு மட்டும் வருவாளாம். வரட்டும்.

குரங்குசேட்டை

மெயின் சுவிட்சை அணைத்துக் காட்டிய மனேஜரா? பெயர் போட்டுவிடுங்கள் அக்கா, அவருக்காகவாவது.

மாலைக்கடல்

கதிரைகளை எடுக்கட்டும், பிறகு பார்ப்போம்.

சனிக்கிழமைச்சாரதி

பார்க்கிங் இருக்கிறதா?

மாலைக்கடல்

நாலு வாகனத்துக்கு. பிக்மீ டாக்சி பிடித்து வாருங்கள்.